இரண்டாவது க்யூப்

திங்கள்

மாலை வகுப்புக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்குப் பாதிக் காரணம் ரயில், மீதி நான். காலையிலிருந்து எட்டு கிலோ கான்கிரீட் க்யூப்களைத் தொட்டியிலிருந்து தூக்கித் தூக்கி மணிக்கட்டு மரத்துப்போய்விட்டது.

முதலில் நடந்ததை வரிசையாக எழுத வேண்டும், அபிப்பிராயத்தை அப்புறம். இது நானே எனக்குப் போட்டுக்கொண்ட விதி. கடைசி வரை காப்பாற்றுவேனா என்று தெரியவில்லை.

எங்கள் ஆலை தெகுச் ஊருக்கு வெளியே, கலாட்ஸ் போகும் சாலையில் இருக்கிறது. சாக்கடைக்கு இறக்கும் கான்கிரீட் உறைகளை வார்க்கிறோம். வார்ப்பது மூன்று செட் ஆட்கள். நான் பரிசோதனைக் கூடத்தில் உதவியாள். ஒரு கலவை தயாரானதும் அதிலிருந்து ஒரு தள்ளுவண்டி அளவு வாங்கி, இரும்பு அச்சுகளில் நிரப்பி, மூன்று க்யூப் வார்ப்பேன். அவை தண்ணீரில் ஊறும். இருபத்தெட்டாம் நாள் பிரஸ்ஸில் வைத்து நொறுக்கி, எவ்வளவு பாரம் தாங்கியது என்று எழுதுவேன். எண் பெரிதாக இருந்தால் கான்கிரீட் பலமானது என்று அர்த்தம்.

போன மாதம் ஒரு ஒப்பந்தக்காரர் விரிசல் விட்ட உறைகளைப் படம் எடுத்து அனுப்பினார். எந்த உறையை எந்த செட் வார்த்தது என்று படத்தில் தெரியவில்லை. மேனேஜர் ஸ்டோய்கா எங்கள் கூடத்துக்கு வந்து, "எந்த செட்டோட கான்கிரீட் மட்டமா இருக்குன்னு எனக்குச் சொல்லுங்க" என்றார். கூடத்தின் பொறுப்பு இன்ஜினியர் தோய்னா பர்லியா அம்மாவுடையது. அவர் என்னைப் பார்த்தார். புள்ளியியல் வகுப்புக்குப் போகிறவள் நான் ஒருத்திதான்.

இந்த வசந்தத்தில் நொறுக்கிய க்யூப்கள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினேன். செட்டுக்கு ஆறு கலவை, கலவைக்கு மூன்று க்யூப். சராசரிகள் இப்படி வந்தன: முதல் செட் 38.4, இரண்டாவது 37.6, மூன்றாவது 35.9. குழுக்களின் சராசரிகளை ஒப்பிட வகுப்பில் சொல்லிக்கொடுத்த அனோவாவை ஓட்டினேன். பி-மதிப்பு 0.006 என்று வந்தது.

பர்லியா அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"ஆயிரத்துல ஆறு. அப்படின்னா மூணாவது செட்டு மேல தப்பில்லாம இருக்க வாய்ப்பு ஆயிரத்துல ஆறுதான். சரியா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்கம்மா. மூணு செட்டுக்கும் நிஜத்துல வித்தியாசமே இல்லன்னு வச்சுக்கிட்டா, வெறும் தற்செயலா இவ்வளவு பெரிய இடைவெளி, இல்ல இதைவிடப் பெருசு, ஆயிரம் தடவைல ஆறு தடவை வரும். அவ்வளவுதான். எந்த செட்டுன்னுகூட அது சொல்லல. மூணும் ஒண்ணு இல்ல போலிருக்குன்னுதான்..."

"சுருக்கமா சொல்லு மிருனா."

"சுருக்கினா தப்பாயிடுங்கம்மா."

"அப்போ சாப்பிட்டுட்டு வந்து சொல்லு."

சாப்பிட்டுவிட்டு வந்தேன். அதற்குள் அவர் ஒரு பக்கத்தில் எழுதி, நான்தான் கணக்குப் போட்டேன் என்று என் பெயரையும் சேர்த்து, கையெழுத்திட்டு மேனேஜருக்கு அனுப்பிவிட்டார். அதில் ஒரு வரி: 'மூன்றாவது செட்டின் கான்கிரீட் பலம் குறைந்தது என்பது 99.4 சதவீதம் உறுதி.'

அந்த வரியை நான் எழுதவில்லை. ஆனால் அதிலிருக்கும் எண் என்னுடையது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் மேனேஜர் முடிவு சொல்வாராம். மூன்றாவது செட்டைக் கலைத்து ஆட்களை மற்ற இரண்டு செட்டுக்கும் பிரித்துவிட்டு, தலைவர் துதோஸெவை லோடிங்குக்கு அனுப்பப் போவதாகப் பேச்சு.

தினமும் காலையில் என்னைத் தன் காரில் ஆலைக்கு அழைத்துப் போவது துதோஸெதான். அவருக்கு இடுப்பில் முதுகெலும்புத் தட்டு விலகியிருக்கிறது. லோடிங் என்றால் ஒரு மாதம் தாங்க மாட்டார், தானாகவே வேலையை விட்டுப் போய்விடுவார். அது மேனேஜருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். இது அபிப்பிராயம். விதியை மீறிவிட்டேன்.

செவ்வாய்

காலையில் வாசலில் ஹாரன் சத்தம். துதோஸெ என்றைக்கும் ஒரு தடவைதான் அடிப்பார். இன்றைக்கு நீளமாக அடித்தார். அம்மா ஜன்னலைத் திறந்து திட்டினாள்.

"கை முத்தம் அம்மா! உங்க பொண்ணு பெரிய நீதிபதியாயிட்டா, தெரியுமா?" என்று, பெண்களுக்குச் சொல்லும் வழக்கமான வணக்கத்தோடு கீழிருந்து கத்தினார்.

காரில் ஏறினேன். டாஷ்போர்டு மேல் வழக்கம்போல் சூரியகாந்தி விதைப் பொட்டலம். எனக்கு நீட்டவில்லை. ஊர் எல்லை தாண்டினோம்.

"தொண்ணூத்தொம்பது புள்ளி நாலா?" என்றார் கடைசியில்.

"அதை நான் எழுதல அண்ணே."

"என் மாமனாரு செத்தப்போ டாக்டரே அவ்வளவு உறுதியா சொல்லல. 'போயிட்டாரு போலிருக்கு'ன்னுதான் சொன்னான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

"ஆறு, ஆறுன்னு எல்லாரும் சொல்றானுங்க. என்ன ஆறு அது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

சொன்னேன். பர்லியா அம்மாவிடம் சொன்னதையே, ஆனால் மெதுவாக. மூன்று செட்டும் ஒரே மாதிரி என்று வைத்துக்கொண்டால் இப்படி ஒரு இடைவெளி வருவது எவ்வளவு அபூர்வம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. நீங்கள் குற்றவாளியா இல்லையா என்பதற்கான வாய்ப்பு அது இல்லை.

"அபூர்வம்னா நடக்காதுன்னு இல்லைல?"

"இல்ல. ஆனா ஆயிரத்துல ஆறுன்னா..."

"ஆனான்னு ஆரம்பிக்காத. காலைலயே வேணாம்."

கொஞ்ச தூரம் போனோம். வேலமரங்கள் வெள்ளையாகப் பூத்துக் கொட்டி, சாலையோரம் மூடிக் கிடந்தது. எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்கலாமா என்று மூன்று முறை யோசித்தேன். கேட்டுவிட்டேன்.

"அண்ணே, கலவைல தண்ணி கூட்டுறீங்களா?"

கான்கிரீட்டில் தண்ணீர் கூடினால் கொட்டுவது சுலபம், அச்சில் தானாக வழிந்து இறங்கும், தோள் வலிக்காது. ஆனால் காய்ந்த பிறகு பலம் குறையும். ஆலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

துதோஸெ கியர் மாற்றினார். மாற்ற வேண்டிய இடம் அது இல்லை.

"மத்தியான வெயில்ல கலவை இறுகிடும் மிரு. எல்லா செட்லயும் ஒரு வாளி ஊத்துவானுங்க. இவன் ஊத்துறான் அவன் ஊத்தலன்னு இல்ல."

"நீங்க எவ்வளவு ஊத்துறீங்க?"

"எல்லாரும் ஊத்துற அளவு."

அதற்குப் பிறகு விதைப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். நான் ஒன்றும் எடுக்கவில்லை. அது சரியா என்று இப்போதும் தெரியவில்லை.

புதன்

இன்றைக்கு நடந்ததைக் கவனமாக எழுத வேண்டும்.

எங்கள் கூடத்தில் ஒரு விளையாட்டு உண்டு. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. நான் சேரும்போதே இருந்தது. ஒரு கலவையின் முதல் க்யூபை பிரஸ் நொறுக்கி எண் வந்ததும், இரண்டாவதை வைக்கும் முன் அறையில் இருப்பவர்கள் அதன் எண்ணை ஊகித்துச் சொல்ல வேண்டும். யார் ஊகம் அதிகம் விலகுகிறதோ அவர் எல்லோருக்கும் காபி போட வேண்டும். மூன்றாவதற்கும் அப்படித்தான்.

இன்றைக்கு அறையில் நான், என்னோடு வேலை செய்யும் பெத்ருட்ஸா அக்கா, காபிக்காகவே வரும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், மூன்று பேர். முதல் க்யூப் வெடித்து விழுந்தது. 36.2.

"முப்பத்தாறு புள்ளி அஞ்சு," என்றாள் பெத்ருட்ஸா அக்கா.

"முப்பத்தஞ்சு எட்டு," என்றார் ஓட்டுநர்.

"முப்பத்தெட்டு," என்றேன் நான். வேறு ஏதோ நினைப்பில் இருந்தேன்.

"அடியே, முப்பத்தெட்டா? காபி போடணும்னு ஆசையா இருந்தா நேரா சொல்லேன். இது அதே வண்டி கான்கிரீட்டுடி, திடீர்னு எப்படி முப்பத்தெட்டு ஆகும்?"

இரண்டாவது 36.7. காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தேன். அது பொங்கி வரும்போது எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை, அடுப்பெல்லாம் வழிந்தது.

ஏனென்றால் அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் க்யூபுக்கு யாரும் பந்தயம் கட்டுவதில்லை. முதல் எண் 33 ஆகவும் வரலாம், 41 ஆகவும் வரலாம், அதை யாராலும் ஊகிக்க முடியாது. இரண்டாவதையும் மூன்றாவதையும் எல்லோராலும் ஊகிக்க முடிகிறது. ஊகிக்க முடியாதவள் காபி போடுகிறாள். முதல் க்யூப்தான் செய்தி. மற்ற இரண்டும் அந்தச் செய்தியைத் திரும்பச் சொல்கின்றன.

நானோ மூன்றையும் மூன்று தனித்தனிச் செய்திகளாகக் கணினிக்குக் கொடுத்திருக்கிறேன்.

செட்டுக்குப் பதினெட்டு க்யூப் இருப்பதால் என்னிடம் பதினெட்டு சாட்சிகள் என்று அனோவா நம்பிவிட்டது. உண்மையில் ஆறு கலவைதான். ஆறு பேர் சொன்னதை மும்மூன்று தடவை எழுதி, பதினெட்டு பேர் சொன்னார்கள் என்று காட்டினால் யார்தான் நம்ப மாட்டார்கள்? இந்த வேலை தெரியாதவனுக்கு இந்தத் தப்பு வராது. அவன் க்யூபையே பார்த்திருக்க மாட்டான். அதே வண்டியிலிருந்து மூன்று அச்சு நிரப்பி நிரப்பிக் கை பழகிப்போன எங்களைப் போன்றவர்களுக்குத்தான் மூன்று க்யூப் என்பது மூன்றாகவே கண்ணில் படும்.

"பால் பொங்கினாலாவது அதிர்ஷ்டம்னு சொல்லலாம்," என்றாள் பெத்ருட்ஸா அக்கா, துணியை எடுத்துக்கொடுத்து. "காபி பொங்கினா என்னடி சொல்றது?"

ரயிலில் மடிக்கணினியைத் திறந்தேன். ஒவ்வொரு கலவையின் மூன்று க்யூபையும் சராசரியாக்கி ஒரே எண்ணாக்கினேன். ஐம்பத்துநான்கு எண்கள் பதினெட்டாகச் சுருங்கின. சராசரிகள் அப்படியே இருந்தன: 38.4, 37.6, 35.9. மறுபடி ஓட்டினேன்.

0.19.

அதாவது மூன்று செட்டும் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும், இப்படி ஓர் இடைவெளி ஐந்து தடவைக்கு ஒரு தடவை சும்மாவே வந்துவிடும். கலவைகளைத் தனித்தனியாகப் பார்த்தால் அது கண்ணுக்கே தெரிகிறது. மூன்றாவது செட்டின் நல்ல கலவை 38.5 வரை போயிருக்கிறது. முதல் செட்டின் மோசமான கலவை 35.7 தான்.

எனக்கு சந்தோஷமாக இருந்தது. பர்போஷி நிலையம் வரை சந்தோஷமாகவே இருந்தேன். பிறகு ஒரு சந்தேகம். நான் இந்த எண்ணைத் தேடிப்போனது தப்பைக் கண்டுபிடித்ததாலா, இல்லை காரில் வரும் மனிதருக்காகவா? 0.006 அவருக்குச் சாதகமாக இருந்திருந்தால், இன்றைக்குக் காபி பொங்கியிருக்குமா?

பதில் தெரியவில்லை. ஆனால் கலவை கலவைதான். யாருக்காகக் கணக்குப் போட்டாலும் பதினெட்டு கலவை பதினெட்டுதான். வகுப்பில் பாதியைக் கேட்கவில்லை. தூங்கிவிட்டேனோ என்னவோ.

வியாழன்

காலையில் முதல் வேலையாகப் பர்லியா அம்மாவிடம் போனேன். அவர் ஒரு கோவ்ரிக் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே தொலைபேசியில் சிமெண்ட் கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். முடியும் வரை நின்றேன். சொன்னேன். காபிப் பந்தயத்தையும் சொன்னேன்.

அவர் விரல் விட்டு எண்ணினார்.

"திங்கக்கிழமை ஆயிரத்துல ஆறு. வியாழக்கிழமை நூத்துல பத்தொம்போது. சனிக்கிழமை எவ்வளவு?"

"இதுதாங்கம்மா சரி."

"திங்கக்கிழமையும் அதைத்தானே சொன்ன?"

நின்றேன்.

"சரி, உக்காரு. நின்னா எனக்குக் கழுத்து வலிக்குது." கோவ்ரிக்கில் பாதியை என்னிடம் தந்தார். "தப்பு எனக்குப் புரியுது. இருபது வருஷமா அந்தக் காபியைக் குடிக்கிறேன், எனக்கும்தான் தோணல. இப்போ என்ன எழுதணும்? 'மூணு செட்டுக்கும் வித்தியாசம் இல்ல'ன்னு எழுதிடறேன். முடிஞ்சுது."

"அதுவும் இல்லைங்கம்மா."

"அதுவும் இல்லையா!"

"வித்தியாசம் இல்லன்னு இது காட்டல. வித்தியாசம் இருந்தாலும் இந்தப் பதினெட்டு கலவையால அதைக் கண்டுபிடிக்க முடியாம போயிருக்கலாம். கலவைக்குக் கலவை அவ்வளவு ஏற்றத்தாழ்வு. மூணாவது செட்டு நிஜமாவே ரெண்டு ரெண்டரை குறைவா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"அப்போ இந்த எண்ணு என்னதான் சொல்லுது?"

"நம்மகிட்ட இருக்கறது போதாதுன்னு சொல்லுது."

பர்லியா அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் வேறு யாருடைய முகமோ போல் இருந்தது.

"எனக்கு ஓய்வு பெற மூணு வருஷம் இருக்கு மிருனா. மேனேஜர்கிட்ட போய் 'போதாது'ன்னு சொல்ற வயசா இது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்பதுபோலக் கேட்டார்.

மாலையில் துதோஸெ கேட்டுக்கு வெளியே காரில் காத்திருந்தார். சாயங்காலம் அவர் என்னை அழைத்துப் போவதில்லை. நான் ரயிலுக்குப் போவேன். ஆனால் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். இந்த ஆலையில் ரகசியம் என்பது ஒரு சாப்பாட்டு வேளை தாங்காது.

"ஏறு, ஸ்டேஷன்ல விடறேன். பத்தொம்போதாமே!" முகமெல்லாம் பல். பொட்டலத்தைத் திறந்து என் மடியிலேயே கொட்டினார். "எனக்கு அப்பவே தெரியும். நம்ம மிரு விடமாட்டான்னு செட்ல பசங்ககிட்ட சொன்னேன். சரி, நாளைக்கு எப்படிச் சொல்லப்போற? 'துதோஸெ செட்டு மத்த செட்டு மாதிரியேதான், ஒரு குறையும் இல்ல.' இப்படி நறுக்குன்னு சொல்லு. இழுக்காத. நீ இழுப்ப."

"அப்படிச் சொல்ல முடியாது அண்ணே."

"ஏன்?"

"எனக்குத் தெரியாது. குறை இருக்கான்னும் தெரியாது, இல்லையான்னும் தெரியாது."

"பத்தொம்போதுன்னு வந்திருக்கே!"

"பத்தொம்போது உங்களைக் காப்பாத்தல. உங்க மேல சொன்னது நிரூபணம் ஆகலன்னுதான் சொல்லுது."

அவர் காரை நிறுத்தினார். நடுச்சாலையில் இல்லை, ஒழுங்காக ஓரம் கட்டித்தான் நிறுத்தினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ரெண்டு வருஷமா உன்னை ஏத்திட்டுப் போறேன். ஒரு நாள் பெட்ரோல் கேட்டிருக்கேனா?"

"இல்ல அண்ணே."

"ஒரு வரி. ஒரே ஒரு வரி கேக்குறேன். பொய்யும் இல்ல அது. உனக்கே தெரியாதுங்கற. தெரியாதப்போ எனக்குச் சாதகமா சொன்னா என்ன?"

இந்த வாரம் எல்லோரும் சரியான கேள்விகளையே கேட்கிறார்கள். மடியிலிருந்த விதைகளைப் பொறுக்கிப் பொட்டலத்தில் போட்டேன். ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"திங்கக்கிழமை அவங்க உங்க மேல உறுதியா ஒண்ணு சொன்னாங்க. அந்த உறுதி பொய். அதே மாதிரி உறுதியை நாளைக்கு நான் உங்களுக்காகச் சொன்னா, அதுவும் அதே பொய்தான் அண்ணே."

"நாளைக்குக் காலைல எனக்கு வேற வேலை இருக்கு," என்றார். "பஸ்ஸுல வந்துடு."

வெள்ளி

பஸ்ஸில் போனேன். நின்றுகொண்டே.

கூட்டம் மேனேஜர் அறையில். ஸ்டோய்கா, பர்லியா அம்மா, நான். துதோஸெவையும் கூப்பிட்டிருந்தார்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னதற்கு, இடுப்பு மடங்காது என்றார். என்னைப் பார்க்கவில்லை.

மேனேஜர் அந்தத் திங்கட்கிழமைக் காகிதத்தை முன்னால் வைத்திருந்தார்.

"ஏதோ மாறிப்போச்சுன்னு சொன்னாங்க. நான் படிப்பாளி இல்ல, வியாபாரி. மூணாவது செட்டு மட்டமா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு."

"தெரியாதுங்க சார்," என்றேன்.

"என்னது?"

"தெரியாதுங்க. முன்ன தெரிஞ்ச மாதிரி எழுதினோம். ஒரே கலவையோட மூணு க்யூபை மூணு ஆதாரமா எண்ணிட்டேன். அது ஒரு ஆதாரம்தான். சரியா எண்ணினா, கையில இருக்கறதை வச்சு ஆமான்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல."

"உன்னை வாரத்துல மூணு நாள் சீக்கிரம் விடறேன், படிக்கட்டும்னு. இந்தத் 'தெரியாது'வைக் கேக்கவா? இதை எங்க வாட்ச்மேனே இலவசமா சொல்லுவானே."

துதோஸெ கதவோரம் இருமினார். சிரிப்பை அடக்கினாரா, இருமினாரா என்று தெரியவில்லை.

குறித்து வைத்திருந்த சீட்டை எடுத்துப் படித்தேன். "ஒரு கலவைக்கு மூணு க்யூப் வேணாம். ரெண்டு போதும். அதுக்குப் பதிலா கலவைகளைக் கூட்டணும். மூணு செட்லயும் காலைலயும் எடுக்கணும், மத்தியானமும் எடுக்கணும். கோடை முடியறதுக்குள்ள செட்டுக்கு இருபது கலவையாவது சேர்த்தா, ஏதாவது சொல்லலாம். அப்பவும் உறுதின்னு சொல்ல மாட்டேன்."

"அப்பவும் மாட்டியா?"

"மாட்டேங்க."

மேனேஜர் பர்லியா அம்மா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. கையெழுத்து உங்களோடது. தொண்ணூத்தொம்பது புள்ளி நாலுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

பர்லியா அம்மா எட்டி அந்தக் காகிதத்தை அவர் முன்னாலிருந்து எடுத்தார். நான்காக மடித்தார். கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"எழுதினேன். தப்பு. ரெண்டாவது தடவையும் தப்பா எழுத எனக்குத் தெம்பு இல்ல சார். அந்தப் பொண்ணு கேக்குற கலவையைக் கொடுங்க."

மேனேஜர் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.

"செப்டம்பர்," என்றார். "அதுவரைக்கும் எல்லாம் இருக்கற இடத்துலயே இருக்கட்டும். துதோஸெ, நீ போய் வேலையைப் பாரு. ஆனா தப்பிச்சுட்டன்னு நினைக்காத."

"யாரு தப்பிச்சா சார்?" என்றார் துதோஸெ. "அதுதான் யாருக்கும் தெரியாதாமே." தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

வெளியே வந்ததும் பர்லியா அம்மா சுவரில் சாய்ந்து நின்றார். "இருபது கலவை. கலவைக்கு ரெண்டு ரெண்டா, மூணு செட்டுக்கும் நூத்திருபது க்யூப். யாரு தூக்கறது?"

"நான்தாங்கம்மா."

"நல்லது. நீயாத்தான் இருக்கும்னு எனக்கும் சந்தேகம் இருந்துச்சு."

திங்கள்

ஹாரன் கேட்டது. ஒரே தடவை. அம்மா ஜன்னலைத் திறக்கவில்லை. நான்தான் திறந்து பார்த்தேன், வேறு யாருடைய காரோ என்று.

ஏறினேன். பொட்டலம் டாஷ்போர்டில் நடுவில் இருந்தது, என் பக்கமும் இல்லாமல் அவர் பக்கமும் இல்லாமல்.

"ஒரு வரி சொல்லியிருக்கலாம்," என்றார் ஊர் எல்லையில்.

"சொல்லியிருக்கலாம் அண்ணே."

"என் பொண்டாட்டி உன்னைத் திட்டினா. அப்புறம், செப்டம்பர் வரைக்காவது சம்பளம் வருதேன்னு என்னைத் திட்டினா. ஒரு வாரமா அந்த வீட்ல நான் மட்டும்தான் யாரையும் திட்டல."

ஆலை வாசலில் இறங்கும்போது நான் நான்கைந்து விதை எடுத்துக்கொண்டேன். அவர் பார்க்காததுபோல் இருந்தார்.

மத்தியானம் கோடையின் முதல் கலவை எடுக்கப் போனேன். மூன்றாவது செட்டுதான் முறை. வெயில் கொளுத்தியது. மிக்சர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வாயருகே தண்ணீர்க் குழாய் கிடந்தது, நுனியிலிருந்து சொட்டிக்கொண்டு. மிக்சரைக் கழுவிவிட்டுப் போட்டதாக இருக்கலாம். துதோஸெ மேடைமேல் நின்றிருந்தார். நான் குழாயைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

மெல்ல இறங்கினார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. குழாயை வளையம் வளையமாகச் சுருட்டினார். சுவரிலிருக்கும் கொக்கியில் மாட்டினார். தண்ணீர் வால்வையும் இறுக்கினார்.

"என்ன பார்வை? வண்டி இறுகுது பாரு. நிரப்பு."

நிரப்பினேன். கலவை கெட்டியாக இருந்தது. கம்பியால் குத்திக் குத்தி இறக்க வேண்டியிருந்தது. அவருடைய செட் ஆட்கள் உறை அச்சில் மண்வெட்டியால் தள்ளித் தள்ளி முனகினார்கள். "என்னண்ணே, இன்னிக்குக் கல்லா இருக்கு?" என்று ஒருவன் கேட்டான். துதோஸெ தானும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

மூன்று சாத்தியங்கள் என்று வகைப்படுத்தி எழுதப் பார்க்கிறேன். வசந்தத்திலும் அவர் குழாயைக் கொக்கியில்தான் மாட்டியிருந்தார். அல்லது மாட்டவில்லை. அல்லது எல்லா செட்டும் மாட்டவில்லை. எனக்கு இது தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. நான் அளப்பதை அவர் பார்த்துவிட்டார். மற்ற செட்டுகளும் பார்க்கும். கோடைக் கலவைகள் கோடையைப் பற்றித்தான் சொல்லும். செப்டம்பரில் பி-மதிப்பு என்னவாக வந்தாலும், விரிசல் விட்ட அந்த உறைகளைப் பற்றி அது ஒரு வார்த்தையும் பேசாது. மேனேஜரிடம் இதை அப்போது சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டுமோ? நாளைக்கு யோசிக்கிறேன்.

துதோஸெ தன் இடத்தில் இருக்கிறார். குழாய் கொக்கியில் இருக்கிறது. இவை இரண்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவை.

இரண்டு க்யூபின் மேல்முகத்தையும் கரண்டியால் தேய்த்து மட்டம் செய்தேன். முதலாவதில் கலவை எண்ணை எழுதினேன். இரண்டாவதிலும் அதே எண்ணை எழுதினேன். இரண்டு அச்சையும் இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு தொட்டி அறைக்கு நடந்தேன். பின்னாலிருந்து, "கனமா இருந்தா ஒண்ணொண்ணா கொண்டு போ புள்ள, யாரும் பந்தயம் கட்டல," என்று அவர் கத்தியது கேட்டது.